கோல் பிடித்தவர்

போன மாதம் நான் வேலை பார்த்த சோலார் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ரேவதி என்று ஒரு பெண், புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர். பழைய பைல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். "சார், உங்க காலத்து நிழல் தாள்ல 'கோல் பிடித்தவர் பெயர்'னு ஒரு கட்டம் இருக்கு. அது எதுக்கு சார்? புது ஃபாரத்துல அதுக்கு இடமே இல்ல. எடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். இப்போதெல்லாம் நிழல் பார்க்க யாரும் வயலில் போய் நிற்க வேண்டியதில்லை. செல்போனை மரத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், எந்த மாதம் எத்தனை மணிக்கு எங்கே நிழல் விழும் என்று அதுவே படம் போட்டுக் காட்டிவிடுகிறது. ஆறடிக் கோலையும் அளவு நாடாவையும் தூக்கிக்கொண்டு நாங்கள் அலைந்த கதையைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் அந்தக் கட்டத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நான் கும்பகோணத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, அரசாங்க வேலைக்கு மனுப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்து, ஊரில் புதிதாகத் தொடங்கிய ஒரு சோலார் கம்பெனியில் போய் ஒட்டிக்கொண்டேன். கம்பெனி என்றால் பாத்திரக் கடைகளுக்கு மேலே மாடியில் இரண்டு அறை, ஒரு மேஜை, நாலு ஸ்க்ரூ டிரைவர். கீழே பித்தளை தட்டுகிற சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. முதல் மூன்று வருடம் தெருவிளக்கும் லாந்தரும்தான். 'வெயிலை விக்கிறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்' என்று என் மாமா ஊரெல்லாம் கேலி பேசினார். கடைசியில் அவர்தான் கொடுத்தார்.

அது இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்ட காலம். ஆட்சி மாறினால் திட்டத்தின் பெயர் மாறும், பலகையில் இருக்கிற படம் மாறும், ஸ்டாண்டுக்கு அடிக்கிற பெயின்ட் மாறும். பேனல் மட்டும் மாறாது. ஒரே தெருவிளக்குக்கு நானே மூன்று தடவை பலகை மாட்டியிருக்கிறேன். அப்படி ஒரு ஆட்சியில்தான் விவசாயத்துக்கு மானியத்தில் சோலார் பம்பு என்று வந்தது. எங்கள் கம்பெனி தலை நிமிர்ந்தது அதில்தான். நான் சர்வேயர் ஆனதும் அதில்தான்.

பம்பு வைப்பதற்கு முன்னால் நிழல் பார்க்க வேண்டும். பேனலில் உள்ளங்கை அகலம் நிழல் விழுந்தாலும் தண்ணீர் குறையும். அதற்கு ஒரு முறை உண்டு. ஆறடிக் கோலை வெட்டவெளியில் நேராக நிறுத்தி, அதன் நிழலை அளக்க வேண்டும். அதே நிமிடத்தில் பக்கத்து மரத்தின் நிழலையும் அளக்க வேண்டும். கோலுக்கு இவ்வளவு நிழல் என்றால் மரத்தின் உயரம் எவ்வளவு என்று கணக்கு வந்துவிடும். மரம் நிற்கிற இடத்தையும் இரண்டு அசையாத பொருளிலிருந்து நாடா பிடித்து எழுத வேண்டும். இதையெல்லாம் உச்சியில் செய்ய வேண்டும். நம் பக்கத்தில் உச்சி என்பது பன்னிரண்டு மணி இல்லை. தை மாதத்தில் பன்னிரண்டே காலைத் தாண்டித்தான் சூரியன் உச்சிக்கு வரும்.

ஊரெல்லாம் உச்சிப்பொழுதில் வயல் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் பிழைப்போ அந்த நேரத்தில்தான். எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருத்தர், 'இந்நேரத்துலயா போறீங்க, கையில ஒரு இரும்பாவது வச்சுக்கங்க' என்பார். எங்கள் பையில் ஸ்பேனரே ஐந்து கிலோ இருக்கும். அந்த நேரத்தில் வயலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்று நின்றுவிடும். கொக்கு கூட வரப்பில் இறங்காது. வாய்க்கால் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், சத்தம் வராது. நம் நிழல் காலடியில் வந்து சுருண்டுவிடும். ராத்திரிக்குப் பயப்படுகிறவர்கள் ஒரு தடவை பகல் பன்னிரண்டரைக்கு நடுவயலில் தனியாக நின்று பார்க்க வேண்டும்.

எனக்கு மேலதிகாரி கமலவேணி மேடம். கணக்கில் புலி. கதர்ப் புடவை, ஒரு பக்கம் சிவப்பு ஒரு பக்கம் நீலமாக ஒரு பென்சில், மேஜையில் சூரியன் சாயும் கோண அட்டவணை. யாரையும் திட்ட மாட்டார். தப்பு என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. தாளைப் பார்ப்பார், அட்டவணையைப் பார்ப்பார், சிவப்புப் பக்கத்தால் ஒரு வட்டம் போடுவார், "போயிட்டு வாங்க" என்பார். அவ்வளவுதான். சீர்காழியாக இருந்தாலும் சரி, எங்கேயாக இருந்தாலும் சரி, மறுபடி பஸ் ஏற வேண்டும். அந்த இரண்டு வார்த்தைக்கு நாங்கள் நடுங்கியது போல எவன் திட்டுக்கும் நடுங்கியதில்லை.

கோல் பிடித்தவர் பெயர் என்ற கட்டத்தை வைத்தவர் அவர்தான். நிழலை அளப்பவன் குனிந்துகொண்டிருப்பான், கோல் நேராக நின்றதா என்று அவனுக்குத் தெரியாது, பிடித்தவருக்குத்தான் தெரியும், அதனால் அவர்தான் சாட்சி என்பது அவர் நியாயம். வீட்டுக்காரரோ, ஆடு மேய்க்கிறவரோ, வழியில் போகிறவரோ, யார் பிடித்தாலும் பெயர் கேட்டு எழுதியாக வேண்டும். அது காலியாக இருந்தால் தாளையே வாங்க மாட்டார்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் உத்தமன் இல்லை. இரண்டு தடவை டீக்கடையில் உட்கார்ந்தே தாளை நிரப்பியிருக்கிறேன். ஒன்று தப்பித்தது. இன்னொன்று சீர்காழிப் பக்கம், ஆனி மாதம். மழை வருகிற மாதிரி இருந்தது, பசி வேறு. தென்னைமரம் ஒன்று, நிழல் வடக்கே இத்தனை அடி என்று எழுதி, டீக்கடைக்காரர் பெயரையே கோல் பிடித்தவராகப் போட்டுவிட்டேன். மேடம் தாளைப் பார்த்தார். "ஆனி மாசத்துல உச்சியில நிழல் தெக்கால விழும், கோவிந்தராஜ். வடக்கால விழுந்தது டீக்கடையிலதான். போயிட்டு வாங்க" என்றார். குரலே உயரவில்லை. எனக்கு மானம் போய்விட்டது. அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனி செத்தாலும் பொய்த்தாள் எழுதுவதில்லை என்று. அதே வருடம் தை மாதம் நான் எழுதிய தாள் ஒன்றுதான் இந்தக் கதை.

வலங்கைமானிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். பொங்கல் கழிந்த வாரம். மனு போட்டிருந்தவர் ஆரோக்கியமேரி என்று ஒரு பெண், முப்பது வயது. உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்தைக் கூலிக்காரக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்களே, அதில் அவர் குடும்பத்துக்கு வந்தது ஒன்றரை ஏக்கர். அதில் சொந்தமாக ஒரு போர்வெல் போட்டிருந்தார். நான் போன அன்று வீடு பூட்டிக் கிடந்தது. மாதா கோயிலில் கல்யாணம், தெருவே அங்கே போயிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக் கிழவர் கை காட்டினார். உச்சி தவறினால் இன்னொரு நாள் வர வேண்டும். நான் மொபெட்டை உருட்டிக்கொண்டு வரப்பு வழியே வயலுக்குப் போய்விட்டேன்.

போருக்குத் தெற்கே ஒரு இலுப்பை மரம். நல்ல பெரிய மரம். மொபெட்டை அதில்தான் சாய்த்தேன். கோல் பிடிக்க யாருமில்லையே என்று பார்த்தபோது மரத்தின் மறுபக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் துண்டு, முழங்காலுக்கு மேல் கட்டிய வேட்டி, காலில் சேறு. அறுப்புக் காலத்தில் அந்த வயலில் சேறு ஏது என்று அப்போது தோன்றவில்லை. கோல் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். அளந்து எழுதிக்கொள்ள என்றேன். உடனே வந்து பிடித்துக்கொண்டார். அவ்வளவு ஆடாமல் அசையாமல் கோல் பிடித்தவரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை.

கோலின் நிழல் மூன்றே முக்கால் அடி. மரத்தின் நிழல் வடக்கே முப்பத்தொன்றேகால் அடி. மரம் ஐம்பதடி உயரம். அடிமரத்தில் நாடாவின் கொக்கியை மாட்டினேன். பட்டை கீறிப் பால் வடிந்து நாடாவில் ஒட்டியது. போரிலிருந்து மரத்துக்கு அறுபத்திரண்டு அடி, வாய்க்கால் மதகிலிருந்து நூற்று நாற்பது. ஒவ்வொரு அளவுக்கும் அந்த மனிதர், "எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். "அழியாதுல்ல?" என்றார். மையில் எழுதியது அழியாது என்றேன். பெயர் கேட்டேன், சவரிமுத்து என்றார். கட்டத்தில் எழுதினேன்.

மரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சம்பழச் சோறு. அவரையும் சாப்பிடச் சொன்னேன்.

"வேணாம் தம்பி. எம் பொண்ணு சோறு கொண்டாருவா" என்று சொல்லிவிட்டு, தெருப் பக்கம் வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கிளம்பும்போதும் அப்படியேதான் நின்றார்.

சர்வே பண்ணி மூன்று மாதம் கழித்து, சித்திரை பிறந்து நாலைந்து நாளில், ஸ்டாண்டு ஊன்ற ஆட்களோடு போனேன். வயலில் கால் வைத்ததும் எனக்கு ஊர் தவறிவிட்டதோ என்று இருந்தது. போர் இருக்கிறது, மதகு இருக்கிறது, மரத்தைக் காணோம். வெட்டினால் அடிக்கட்டையாவது இருக்க வேண்டுமே? வெடித்த களிமண், உளுந்துச் செடியின் தாள், அவ்வளவுதான். ஆரோக்கியமேரியிடம், மரத்தை எப்போது வெட்டினீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"எந்த மரம் சார்? இலுப்பையா? அத வெட்டிப் பதினெட்டு வருசம் ஆச்சே" என்றார்.

ஆட்கள் குழி தோண்டிக்கொண்டிருக்க அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலத்தைக் கொடுத்தபோது தந்த ஒப்படைச் சீட்டில், நாலு பக்க எல்லையைச் சொல்கிற சக்குபந்தியில், தெற்கே இலுப்பை மரமும் அதன் அடியில் எல்லைக் கல்லும் என்று இருந்தது. மிராசுதாருக்கு அந்த மரம் கண்ணில் விழுந்த தூசி. நடவுக் காலத்தில் ஒரு நாள் ஆட்களோடு வந்து மரத்தை வெட்டிச் சாய்த்து, வேரோடு கிளப்பி, கல்லையும் காணாமல் அடித்துவிட்டார்கள். இவருடைய அப்பா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார் என்று தூரத்தில் நாற்று நட்டவர்கள் பார்த்திருக்கிறார்கள். இவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. வழக்கம்போல உச்சியில் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வரப்பில் வந்திருக்கிறார். மரம் கிடந்தது. அப்பாவைக் காணோம். பயந்துகொண்டு கேரளாவுக்கு ஓடிவிட்டான் என்று மிராசுதார் ஆட்கள் ஊரில் பரப்பினார்கள். இன்றுவரை ஒரு தகவல் இல்லை. தூக்குச்சட்டியில் கொண்டுவந்த சோறு என்ன ஆனது என்றுகூட நினைவில்லை என்றார்.

நான் பைலைத் திறந்தேன். மனுவில் இருந்தது: ஆரோக்கியமேரி, தகப்பனார் பெயர் சவரிமுத்து. அடுத்த தாளில் என் கையெழுத்தில் இருந்தது: கோல் பிடித்தவர் பெயர், சவரிமுத்து.

பைலை மூடிவிட்டேன். யாராவது விளையாடியிருப்பார்களோ என்று நினைத்தேன். ஆள் விளையாடலாம், மரம் விளையாடுமா? பையிலிருந்து நாடாவை எடுத்து முதல் அடியைப் பார்த்தேன். இலுப்பைப் பால் காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. தாளில் உள்ள அளவுப்படி மரம் இருந்த இடத்துக்குப் போய்க் கோலை ஊன்றினேன். எதற்கு ஊன்றினேன் என்று கேட்காதீர்கள், கை பழக்கம். மணி பன்னிரண்டே கால். சித்திரையில் நம் பக்கம் சில நாள் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும், அன்றைக்கு உச்சியில் கோலுக்கு நிழலே இருக்காது. எனக்கு அது தெரியும். தெரிந்தும், ஆறடிக் கோல் ஒரு பொட்டு நிழல்கூட இல்லாமல் அந்த இடத்தில் நின்றதைப் பார்க்க முடியாமல் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஜூனியர் பையன்கள் இந்த இடத்தில் எப்போதும், 'அந்த ஆளுக்கு நிழல் இருந்துச்சா சார்' என்று கேட்பார்கள். நான் கோலின் நிழலைத்தான் அளந்தேன். ஆளின் நிழலை அளக்கச் சொல்லித் தாளில் கட்டம் இல்லை.

ஆரோக்கியமேரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாக ஆறாத புண், அதில் நான் கை வைப்பானேன்? நேராக மேடத்திடம் போய், இந்தத் தாளை மட்டும் மாற்றி எழுதிவிடுகிறேன், மரம் இல்லை என்று போட்டுவிடுகிறேன் என்றேன். நடந்ததையும் சொன்னேன். மேடம் தாளை வாங்கி, அட்டவணையை எடுத்து, பென்சிலின் நீலப் பக்கத்தால் அரை மணி நேரம் கணக்குப் போட்டார். சிவப்பு வட்டம் விழவில்லை.

"அளவு சரியா இருக்கு கோவிந்தராஜ். எழுதினத மாத்தக் கூடாது" என்றார். பிறகு தாளைப் பைலில் வைத்துக்கொண்டே, "இந்த ஒரு இடத்துக்கு உங்கள நான் போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

ஆனால் போகத்தான் வேண்டியிருந்தது. வைகாசியில் மிராசுதார் ஆட்சேபணை மனு போட்டார். போர் இருக்கிற இடமே தன் நிலம், எல்லை மரம் போருக்கு வடக்கே இருந்தது, ஆகவே பம்பை எடுக்க வேண்டும் என்று. அறுபது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, கையில் விபூதிச் சம்படம், பேச்சில் ஒரு அவசரமும் இல்லாத மனிதர். அவர் சொல் நின்றுவிட்டால் போர் போகும். போர் போனால் ஒன்றரை ஏக்கரும் தண்ணீரில்லாத தரிசு. ஆரோக்கியமேரி மறுபடி அதே மிராசுதார் வயலுக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். தாசில்தார் இரண்டு பக்கத்தையும் விசாரணைக்குக் கூப்பிட்டார், கம்பெனி பைலையும் கேட்டார். அந்த ஒரு தாளை மட்டும் பைலிலிருந்து உருவிவிடலாமா என்று மேடத்திடம் கெஞ்சினேன். அவர் பைலைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

தாலுகா ஆபீசில் மிராசுதாரின் வக்கீல் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார். மரம் வெட்டிப் பதினெட்டு வருடம் ஆகிறது என்பதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்கிறது, இந்த ஆளோ போன தை மாதம் மரத்தை அளந்தேன் என்று எழுதியிருக்கிறார், டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் பெண் சொன்னதை எழுதிய தாள் இது என்றார். டீக்கடை என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் காது சுட்டது. தாசில்தார் என்னைப் பார்த்து, மரத்தை நீங்களே பார்த்தீர்களா என்று கேட்டார்.

இல்லை, தவறுதலாக எழுதிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் வேலை பிழைத்திருக்கும். தாள் செல்லாமல் போயிருக்கும். அந்தப் பெண்ணின் நிலமும் போயிருக்கும். பார்த்தேன், தொட்டேன், வண்டியைச் சாய்த்தேன் என்று சொன்னேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்துக்கொண்டே, கோல் பிடித்த சாட்சி யார் என்று பார்ப்போம் என்று தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தார். சவரிமுத்து என்று அவர் வாயில் வந்ததும் சிரிப்பு நின்றது. ஆரோக்கியமேரி என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் எழுத மாட்டேன். மிராசுதார் விபூதிச் சம்படத்தைக் கீழே போட்டுவிட்டார். அது உருண்டுபோய் மேஜைக்கு அடியில் நின்றது, யாரும் குனிந்து எடுக்கவில்லை.

அப்போது மேடம் எழுந்தார். அட்டவணையை விரித்து வைத்து, தாளில் எழுதிய தேதியில், எழுதிய நிமிடத்தில், இந்த வட்டாரத்தில் ஆறடிக் கோலுக்கு எவ்வளவு நிழல் விழ வேண்டுமோ அதேதான் எழுதியிருக்கிறது, மர நிழலும் அந்தக் கணக்கில் இம்மி பிசகவில்லை என்று காட்டினார்.

"மரம் இருந்துதா, யார் கோல் புடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா இது டீக்கடை நிழல் இல்ல. வயல்ல விழுந்த நிழல். ரெண்டு அளவு குடுத்திருக்கோம். அளந்து பாருங்க" என்றார்.

தாசில்தார் நல்ல மனிதர். வாதாடுவதைவிடத் தோண்டிப் பார்ப்பது சுலபம் என்றார். மறுநாள் இரண்டு தரப்பும் வயலில் இருக்க, தாலுகா சர்வேயர் சங்கிலியோடு வந்தார். போரிலிருந்து அறுபத்திரண்டு அடிக் கயிறு, மதகிலிருந்து நூற்று நாற்பது அடிக் கயிறு. இரண்டும் சேர்ந்த இடத்தில் மண்வெட்டி போட்டார்கள். அன்றும் உச்சிதான். இரண்டடியில் இலுப்பை வேரின் துண்டுகள் வந்தன, கறுத்துப்போய். மூன்றடியில் மண்வெட்டி டங்கென்றது. எல்லைக் கல். மேலே அம்புக்குறி அப்படியே இருந்தது. கல்லைப் புதைத்தவர்கள் அதைச் சாய்த்துப் போட்டிருக்கவில்லை. எதையோ மூடுகிற மாதிரி படுக்க வைத்திருந்தார்கள்.

சர்வேயர் கல்லைத் தூக்கி வெளியே வைத்தார். மண்வெட்டிக்காரன் இன்னும் தோண்டவா என்று கேட்டான். மிராசுதார் வரப்பைத் தாண்டிக் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார், செருப்பை விட்டுவிட்டு. நாங்கள் எல்லோரும் நினைத்தது ஒன்றுதான். ஆரோக்கியமேரி குழியின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே பார்த்தார். பிறகு, "போதும். மூடிடுங்க. அப்பா இங்கயே இருக்கட்டும்" என்றார். தோண்டியிருக்க வேண்டுமா, போலீசுக்குச் சொல்லியிருக்க வேண்டுமா என்று நான் இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு அவர் சொன்னதை மீற யாருக்கும் துணிவு வரவில்லை. கல்லை அதே இடத்தில் நிமிர்த்து நட்டார்கள். போர் பிழைத்தது. பம்பு பிழைத்தது. மிராசுதார் அதற்குப் பிறகு அந்த வயல் பக்கம் வந்ததில்லை.

என் வேலையும் பிழைத்தது. அதற்குப் பிறகு கம்பெனி வளர்ந்து எங்கேயோ போய்விட்டது. மாடி அறை போய், பைபாஸ் ரோட்டில் கண்ணாடிக் கட்டடம் வந்தது. மேடம் ஓய்வு பெற்றார், நாலு வருடம் முன்னால் காலமானார். நான் சர்வீஸ் சூப்பர்வைசர் ஆனேன், ஜில்லா முழுக்கச் சுற்றினேன். ஆனால் ஆரோக்கியமேரி வயலின் வருடாந்தர சர்வீசை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. போவேன், பேனலைத் துடைப்பேன், கரண்ட் பார்ப்பேன். சர்வீஸ் தாளில் 'நிழல்: உண்டு / இல்லை' என்று ஒரு கட்டம். ஒவ்வொரு வருடமும் 'இல்லை' என்று எழுதுவேன். அவர் காபி கொடுப்பார். அந்த நாளைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எலுமிச்சம்பழச் சோறு வேண்டாமென்று அவர் அப்பா சொன்னதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசித் தடவையாகப் போனேன். தை மாதம்தான். ஆரோக்கியமேரிக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. மகன் திருவாரூரில் வாத்தியார், மகள் நர்ஸ். இனிமேல் வர மாட்டேன் என்றதும், இதைச் சொல்லாமல் போனால் பாவம் என்று எனக்குப் பட்டது. சொன்னேன். அன்றைக்கு உங்கள் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாம், என் பெண் சோறு கொண்டு வருவாள் என்றார், தெருப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார் என்று.

அவர் அழவில்லை. "எனக்கு இப்ப அப்பாவைவிட வயசு கூட" என்றார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டாக ஐந்து நிமிடம். உள்ளே போய் ஒரு தூக்கில் சோறு போட்டார், மேலே கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். "அப்பாவுக்குப் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறெல்லாம் ஆகாது சார். அதான் வேணாம்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, செருப்புப் போடாமல் வரப்பில் இறங்கி நடந்தார்.

நான் பேனலுக்குப் பக்கத்தில், மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் எல்லைக் கல்லுக்குப் போய்த் தூக்கைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். காற்று நின்றுவிட்டது. அரை மணி நேரம் அவர் அசையவில்லை. அவ்வளவு நேரமும் சுடுவெயில். வானத்தில் ஒரு மேகம் இல்லை, சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை ஒரு மரம் இல்லை. எனக்கே தலை கிறுகிறுத்து, ஸ்டாண்டுக்கு அடியில் போய் ஒதுங்கிக்கொண்டேன். இந்த வயதில் இந்த வெயிலில் மயங்கி விழுந்துவிடப் போகிறாரே என்று கூப்பிடப் போனபோது அவரே எழுந்தார். தூக்கை வாய்க்காலில் கழுவிக்கொண்டு வந்தார்.

வெயிலில் இவ்வளவு நேரம் உட்காரலாமா என்று கடிந்துகொண்டேன். அவர் முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது.

"வெயிலா? வெயிலே தெரியல சார். நல்ல நிழலா இருந்துச்சு" என்றார்.

சர்வீஸ் தாளை எடுத்தேன். பம்பு நன்றாக ஓடுகிறது, கரண்ட் சரியாக இருக்கிறது, எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டம் வந்தது. மேடம் இருந்திருந்தால் அட்டவணையை எடுத்துக் கணக்குப் பார்த்திருப்பார். நிழல் என்ற இடத்தில் 'உண்டு' என்று மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.